இருபத்தொன்றாம் இடத்தில் மூன்று

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தவள். அதற்குப் பிறகு பேனாவைத் தொட்டதெல்லாம் பிள்ளைகளின் ரிப்போர்ட் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்குத்தான். வாக்கியம் கோணலாகப் போகும், சொன்னதையே திரும்பச் சொல்வேன். மறதியும் வந்துவிட்டது. எது முதலில் நடந்தது, எது பிறகு என்பது ஆற்றுத் தண்ணீருக்குள் கிடக்கும் கல்லைப் போல இடம் மாறி மாறித் தெரிகிறது. வாயால் சொல்லிவிடலாமே என்றால், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு எழும்பாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் கடைசி, பினாங்குத் தீவு. கடலுக்கு மேல் பாலம் திறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடொன்றில் எட்டாவது மாடியில் இருந்தோம். காலையில் சன்னலைத் திறந்தால் கொடிமலை இருக்காது, மேகம்தான் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து மலை மெதுவாக வந்து தன் இடத்தில் நிற்கும். வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். வாரத்தில் பாதி நாள் பெருநிலத்தில்தான் இருப்பார். பெரிய மகளுக்குப் பதினாறு வயது, நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு முப்பத்தொன்பது. இனிமேல் இல்லை என்று நினைத்துத் தொட்டிலை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்ட வயதில் சின்னவள் பிறந்தாள்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். விடிவதற்கு முன்னால் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பஸ்ஸில் எல்லாரும் தூங்குவோம், நாற்பது பெண்களும் ஒரே பக்கம் சாய்ந்து ஒரே கனவைக் காண்பது போல. உள்ளே போய் நீல அங்கி மாட்டி மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் அப்புறம் வெளியுலகம் கிடையாது. நாங்கள் அதை ஸ்கோப் என்றுதான் சொல்வோம். மஞ்சள் வெளிச்சத்தில் எலெக்ட்ரானிக் சில்லு ஒரு சின்ன ஊர் மாதிரி தெரியும். சதுரமாக ஒரு மைதானம், அதைச் சுற்றிலும் தெருக்கள், மைதானத்தின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு தெருவுக்கும் வளைந்து இறங்கும் ஒரு பொன் கம்பி. தலைமுடியை விட மெல்லியது. அந்தக் கம்பிகள் எல்லாம் ஒழுங்காக இறங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை. இரண்டு கம்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அது ரிஜெக்ட். சும்மா பார்த்தால் ஒரே கம்பி மாதிரிதான் இருக்கும். ஒட்டியிருப்பதைக் கண்டுபிடிக்கத் தனிக் கண் வேண்டும். எனக்கு அந்தக் கண் இருந்தது. லைன் லீடரே என்னிடம் கொண்டுவந்து காட்டுவாள்.

சில்லுகள் ஒரு தட்டில் குழி குழியாக அடுக்கி வரும். முதல் குழியில் இருப்பது சாம்பிள். அதைப் பார்த்துத்தான் மற்றதைச் சரிபார்க்க வேண்டும். எண்ணிக்கையில் அதைச் சேர்க்கக் கூடாது. இரண்டாவது குழியிலிருந்துதான் ஒன்று, இரண்டு, மூன்று. பதினான்கு வருடம் அப்படித்தான் எண்ணினேன்.

சின்னவள் அழாத குழந்தை. தூக்கினால் துணி மாதிரி கையில் குழைந்து கிடப்பாள். பால் குடிக்கும்போதே தூங்கிப்போவாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் தூக்கம் வரும். வீட்டுக்காரரின் அக்கா பக்கத்துப் புளோக்கில் இருந்தார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கைரேகை பார்ப்பதில் அவருக்குப் பெரிய ஆசை. குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதிக்காத குறைதான்.

"ஏய், இங்க வந்து பாரு! குறுக்கால ஒத்த ரேகை. இது கோடியில ஒருத்திக்குத்தான் இருக்கும். ராஜ யோகம்லா! உங்க வீட்டு நெலமையே மாறப் போவுது பாரு."

எட்டு மாதமாகியும் குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே டாக்டரும் விரலைப் பிரித்து அதே ரேகையைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்.

அந்த டாக்டர் யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர்தான், இருந்தாலும் அவர் பேச்சு அப்படியே அங்கத்துப் பேச்சு. ஒரு தாளை எடுத்துப் பென்சிலால் குட்டிக் குட்டிப் புழுக்கள் மாதிரி வரைந்தார்.

"இதுக்கு குரோமோசோம் எண்டு பேர், அம்மா. எல்லாருக்கும் நாப்பத்தாறு இருக்கும். இருபத்துமூண்டு சோடி. ஒவ்வொரு சோடியிலயும் ஒண்டு தாயிட்ட இருந்து, ஒண்டு தகப்பனிட்ட இருந்து. உங்கட பிள்ளைக்கு இருபத்தோராம் இடத்தில ரெண்டுக்குப் பதிலா மூண்டு இருக்கும் எண்டு நினைக்கிறன்."

"கூட இருந்தா நல்லதுதானே டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் சிரிக்கவில்லை. "ஒரு வீட்டில இதைச் செய், அதைச் செய் எண்டு சொல்ல ரெண்டு பேர் இருந்தா வீடு நடக்கும். மூண்டாவதா ஒராள் வந்து நிண்டு அதையே சொன்னா?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில்தான் அந்த மூன்றாவது ஆள் பக்கத்துப் புளோக்கிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்தாரே.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை அடித்துப் போட்டது. கூடுதலாக இருப்பது இரண்டு விதமாக இருக்கலாமாம். பெரும்பாலும் அது தனியாக நிற்கும். எண்ணினால் நாற்பத்தேழு வரும். அது யாரும் கொடுத்ததில்லை, கரு உண்டாகும்போது தானாக நடந்துபோனது. ஆனால் சில பேருக்கு அந்தக் கூடுதல் வேறொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

"அப்பிடி ஒட்டியிருந்தா எண்ணிக்கை நாப்பத்தாறுதான் வரும். அது சில நேரம் குடும்பத்துக்குள்ளால வாறது. ஒட்டினதை உடம்பில வச்சிருக்கிற தாய்க்கோ தகப்பனுக்கோ ஒரு குறையும் தெரியாது. அதால உங்கள் ரெண்டு பேரின்ர ரத்தமும் பார்க்கோணும். தேவையெண்டா மூத்த பிள்ளையின்ரயும் பார்க்கோணும். அவவுக்கும் நாளைக்குப் பிள்ளையள் பிறக்கும்தானே. இப்ப யோசிக்காதேங்கோ, ரிசல்ட் வரட்டும்."

யோசிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டால் யோசிக்காமல் இருக்க முடியுமா? சின்னவளுக்கு வந்தது வந்துவிட்டது. அவளை வளர்க்க என் கை இருக்கிறது. ஆனால் பெரியவள்? பள்ளிக்கூடச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் நிற்கிற அவளுக்குள்ளும் என் கையால் ஏதாவது போட்டு அனுப்பிவிட்டேனா? நாற்பத்தாறா, நாற்பத்தேழா? இந்த ஒரு கேள்வியோடுதான் நான் எழுந்தேன், வேலைக்குப் போனேன், சமைத்தேன். பெரியவளின் ரத்த விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

குழந்தைக்கு ரத்தம் எடுத்தது தெரிந்ததும் அக்கா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? கிரகணத்தன்னைக்கு வயித்துப் புள்ளக்காரி வீட்ல இருக்கணும்னு. நீ கேட்டியா? ஷிப்ட்டுதான் முக்கியம்னு போயி ஊசி மொனையில கம்பிய வெட்டிக்கிட்டு உக்காந்திருந்த."

"வெட்டுறது நான் இல்லக்கா, மெஷினு" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. கிரகணத்தன்று நான் வேலைக்குப் போனது உண்மை. எங்கள் தொழிற்சாலைக்குச் சன்னல் கிடையாது. வெளியில் வெயில் மங்கியதா, பறவைகள் கூட்டுக்குத் திரும்பினவா, ஒன்றும் எனக்குத் தெரியாது. எல்லாரும் இருட்டைப் பார்த்த அந்த நேரத்தில் நான் மட்டும் மஞ்சள் வெளிச்சத்தில் பொன் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் பெரியவளுக்குக் கணக்கில் போலினோமியல் வந்திருந்தது. தமிழில் பல்லுறுப்புக் கோவை என்று சொல்வார்களாம், பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அவளுக்கு வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். நான் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன், அவள் பாட்டுக்கு மேசையில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"எக்ஸ் ஸ்கொயரோட எக்ஸ் ஸ்கொயர்தான் சேரும். எக்ஸோட எக்ஸ்தான் சேரும். வெறும் நம்பரோட வெறும் நம்பர்."

"ஏன், மாத்திச் சேத்தா என்ன?"

"மூணு ரம்புத்தான் பழத்தையும் ரெண்டு மீனையும் சேத்து அஞ்சுன்னு சொல்லுவியாம்மா? அஞ்சு என்ன? அஞ்சு ரம்புமீனா?"

குழந்தை அவள் மடியில் கிடந்து பேனாவைப் பிடிக்கப் பார்க்கும். எக்ஸின் தலையில் சின்னதாக ஓர் எண் உட்கார்ந்திருக்கும், அதற்கு அடுக்கு என்று பெயர். எக்ஸை எத்தனை தடவை பெருக்க வேண்டும் என்று அது சொல்லும். முன்னால் நிற்கும் எண்ணுக்குக் கெழு என்று பெயர். அந்த வகையில் எத்தனை இருக்கின்றன என்று அது சொல்லும். அடுக்கு முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும். பாதி வந்தாலோ கழித்தல் குறி வந்தாலோ அது பல்லுறுப்புக் கோவை இல்லை. இருப்பதிலேயே பெரிய அடுக்கு எதுவோ, அதை வைத்துத்தான் அந்தக் கோவை எந்தப் படி என்று சொல்வார்கள். இதெல்லாம் அவள் வாயிலிருந்து கீரையோடு கீரையாக என் காதில் விழுந்தது. எனக்குப் பாட்டு மாதிரி இருக்கும். எக்ஸ் என்பது யார், என்ன என்று கேட்டேன். "யாரா வேணும்னாலும் இருக்கலாம்மா, அதான் அழகே" என்றாள்.

ரிசல்ட்டுக்குப் போன நாள் டாக்டர் இல்லை. மிஸ்ஸி, அதாவது தாதி, நம்ம பெண்தான், கோப்பைப் புரட்டிப் பார்த்தாள்.

"டாக்டர் லீவுக்கா. வர மூணு வாரம் ஆவும். ரிசல்ட்டு வந்துருச்சு, ஆனா அவருதான் விளக்கிச் சொல்லணும். நான் சொல்லக் கூடாது."

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். திரும்பிப் போகவும் மனசில்லை, சொல்லு என்று கேட்கவும் தெரியாது எனக்கு. அவளுக்கே பாவமாகப் போய்விட்டது போல. கோப்பிலிருந்த படத்தை மட்டும் ஒரு பிரதி எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"படத்த வேணும்னா கொண்டு போங்க. அதையே பாத்துப் பாத்து மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க, என்னா?"

மறுநாள் காலை தொழிற்சாலை பஸ்ஸில் அதைப் பிரித்தேன். கடல் ஓரமாகப் பஸ் போய்க்கொண்டிருந்தது. வானம் அப்போதுதான் சாம்பலிலிருந்து வெள்ளைக்கு மாறிக்கொண்டிருந்தது. தாளில் கறுப்பு வெள்ளையில் கோடு கோடாகச் சின்ன உருவங்கள் இரண்டிரண்டாக நின்றன. பெரியவை முதலில், போகப் போகச் சின்னவை. கொடியில் ஜோடி ஜோடியாகக் காயும் காலுறைகள் மாதிரி. என் குழந்தை இப்படித்தான் இருக்கிறாளா உள்ளுக்குள்ளே என்று பார்த்தேன். எனக்குப் பயமாக இல்லை, அழகாகத்தான் இருந்தது. இருபத்தொன்று என்று எழுதியிருந்த இடத்தில் மூன்று, ஒன்றையொன்று தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. என் கண் தானாகவே, 'ரிஜெக்ட்' என்றது.

சொல்லிவிட்டுத் துடித்துப்போனேன். வாயால் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. ஆனாலும் நான் கேட்டேன்.

பிறகு விரலை வைத்து எண்ணினேன். நாற்பத்தாறு.

மறுபடி எண்ணினேன். பஸ் குலுங்கினால் விரல் நகராதபடி தாளை முழங்காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். நாற்பத்தாறு. மத்தியானம் கேன்டீன் மேசையில் எண்ணினேன். அதே நாற்பத்தாறு. மூன்று நிற்பது தெரிகிறது, இருந்தும் மொத்தம் ஏறவில்லை என்றால், வேறெங்கோ இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரிகிறது என்றுதானே அர்த்தம்? பிரதியில் இரண்டாம் வரிசையில் ஒன்று சற்று நீளமாகத் தெரிந்தது. இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஒட்டியதைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு இருக்கிறதே.

அடுத்த இரண்டு வாரத்தை நான் தண்ணீருக்கு அடியில் கழித்தேன். எல்லாம் மெதுவாக நடந்தது. சாயங்காலம் சந்தையில் மீன்காரர் விலை சொல்வார், அவர் வாய் அசைவது தெரியும், சத்தம் பிறகுதான் வந்து சேரும். பஸ் சன்னலில் தெரியும் தென்னை மரங்களை எண்ணுவேன், ஒட்டி நிற்கும் இரண்டு தென்னையைப் பார்த்தால் எண்ணிக்கை விட்டுப்போகும், முதலிலிருந்து தொடங்குவேன். ஸ்கோப்பில் பொன் கம்பிகளுக்கு நடுவில் என் அம்மா, அம்மாவின் அம்மா, முகம் தெரியாத பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவராக வந்து ஆளுக்கொன்றைக் கையில் மூடிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவது மாதிரி இருக்கும். நான் அதை வாங்கிப் பெரியவளிடம் நீட்டுவேன். அவள் கையை நீட்டுவாள். அதற்குள் லைன் லீடர் தோளைத் தட்டுவாள்: "அக்கா, தூங்குறீங்களா?"

வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போனால் எனக்கு ஒரே வேண்டுதல்தான். இன்னும் ஒன்று வேண்டும். எண்ணிக்கையில் இன்னும் ஒன்றே ஒன்று கூட வேண்டும். அந்தக் கூடுதல் ஒன்றால்தான் குழந்தைக்கு இந்த நிலைமை என்று எல்லாரும் சொல்ல, அதே கூடுதலுக்காக நான் கண்ணை மூடிக்கொண்டு கெஞ்சினேன்.

எனக்கே தெரியாமல் இன்னொன்றும் செய்திருக்கிறேன். பெரியவள் குழந்தையைத் தூக்க வந்தால், "நீ படி, நீ படி" என்று வாங்கிக்கொண்டேன். மடியில் போட்டிருந்தால் எடுத்துவிட்டேன். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேனோ என்னவோ. ஒட்டாது என்று அறிவுக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மலையிலிருந்து மழை இறங்கி வந்துகொண்டிருந்தது. எட்டாவது மாடியில் மழை முதலில் சன்னலுக்குக் கீழேதான் பெய்வது மாதிரி தெரியும். என்றும் அழாத குழந்தை அன்று சிணுங்கினாள். பெரியவள் எழுந்து போய்த் தூக்கினாள். நான் ஈரக் கையோடு ஓடி வந்து பறித்தேன்.

"என்னம்மா ஒனக்கு? நான் தூக்குனா என்னா? நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன், ரெண்டு வாரமா என்னைத் தொடவே விட மாட்டேங்குற. நான் என்ன கீழ போட்டுருவேனா?"

"இல்லடி..."

"பின்ன என்னா? என்னையே வேற பாத்துக்கிட்டு இருக்க, பேய் மாதிரி."

எனக்கு அழுகைதான் வந்தது. கைப்பையிலிருந்து தாளை எடுத்து அவள் கணக்குப் புத்தகத்தின் மேலேயே வைத்தேன். டாக்டர் சொன்னது, தனியாக நிற்பது, ஒட்டிக்கொள்வது, அவள் ரத்தம், நாளைக்கு அவள் பிள்ளைகள், எல்லாவற்றையும் தலையும் வாலுமாகக் கொட்டினேன். அவள் தாளைச் சன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தி வைத்துப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்தாள்.

"ஒண்ணொண்ணா எண்ணுனா தப்பு வரும்மா. இரு, இதப் போலினோமியலா எழுதிப் பாப்போம்."

"இதையா?"

"ஆமா. ஒண்ணாம் நம்பர் ஜோடிக்கு எக்ஸ். ரெண்டாம் நம்பருக்கு எக்ஸ் ஸ்கொயர். மூணாம் நம்பருக்கு எக்ஸ் தலையில மூணு. ஒவ்வொண்ணும் வேற வேற வகை, ஒண்ணோட ஒண்ணு சேராது. முன்னால எத்தனைன்னு போடணும். ஒண்ணாம் எடத்துல ரெண்டு இருக்கு, ரெண்டு எக்ஸ். அடுத்ததும் ரெண்டு..."

எழுதிக்கொண்டே போனாள். இரண்டு, இரண்டு, இரண்டு என்று கெழுக்கள் வரிசையாக வந்தன. மழை சன்னல் உயரத்துக்கு ஏறி வந்தது. கடைசி ஜோடிக்கு எண் இல்லை, ஆங்கில எழுத்துதான் போட்டிருந்தது. "இத இருபத்திமூணுன்னு வச்சிக்குவோம்" என்றாள். இருபத்தொன்றாம் அடுக்குக்கு முன்னால் மட்டும் மூன்று என்று எழுதினாள். எழுதிவிட்டுக் குழந்தையின் கன்னத்தைப் பென்சில் முனைப்பக்கம் படாமல் பின்பக்கத்தால் லேசாகத் தொட்டாள்.

"இப்பப் பாரு, ட்ரிக்கு. எக்ஸ் யாரா வேணும்னாலும் இருக்கலாம்ல? எக்ஸ் ஒண்ணுன்னு வை. ஒண்ண எத்தன தடவ பெருக்குனாலும் ஒண்ணுதான. அடுக்கெல்லாம் போயிரும், முன்னால இருக்கற நம்பர் மட்டும் நிக்கும். அதக் கூட்டுனா மொத்தம் எத்தனைன்னு வந்துரும். இருபத்தி ரெண்டு எடத்துல ரெண்டு, நாப்பத்தி நாலு. கூட ஒரு மூணு. நாப்பத்தேழு."

"நாப்பத்தாறு" என்றேன்.

"நாப்பத்தேழும்மா."

"நான் எத்தன வாட்டி எண்ணியிருக்கேன் தெரியுமா? நாப்பத்தாறுதான். உன் எக்ஸுல எங்கயோ தப்பு."

"சரி, எண்ணு. எம் முன்னாடி எண்ணு."

விரலை வைத்தேன். ஒன்று, இரண்டு என்று தொடங்கி மூன்று சொல்வதற்குள் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"நில்லு. மொதல்ல இருக்கறத ஏன் தாண்டுன?"

"எத?"

"இதம்மா. மொத ஜோடியில மொத ஆளு. இத எண்ணவே இல்ல நீ."

"அது சாம்பிளு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதுக்கே அது எட்டியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா! இது பாப்பாம்மா! பேக்டரி தட்டு இல்ல!"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி எண்ணினேன், முதல் ஆளையும் சேர்த்து. நாற்பத்தேழு. எல்லாம் தனித்தனியாக நின்றன. நீளமாகத் தெரிந்த அந்த ஒன்றுக்குப் பக்கத்தில் அதன் ஜோடியும் அதே நீளத்தில்தான் நின்றது. அதை நான் பார்க்கவே இல்லை. மழை முழுசாக வந்து மலையையும் எதிர்ப் புளோக்கையும் மறைத்துவிட்டது. உலகத்தில் எங்கள் மூன்று பேரையும் அந்தத் தாளையும் தவிர வேறொன்றும் இல்லாத மாதிரி இருந்தது.

சிரிப்பு அடங்கிய பிறகு அவளுக்குக் கோபம் வந்தது.

"ரெண்டு வாரமா இத நீ மட்டும் வச்சிக்கிட்டு இருந்தியா? எங்கிட்ட சொல்ல மாட்டியா? சரி, ஒட்டிக்கிட்டே இருந்திருந்தா என்னா பண்ணியிருப்ப? என்னையும் ஒதுக்கி வச்சிருப்பியா?"

பெரியவள் தப்பித்தாள் என்ற சந்தோஷம் நெஞ்சு முட்ட இருந்தது. அதே நேரத்தில், தப்பிக்காதவள் என் மடியில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தை அவள் முன்னால் வைத்துக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்று வரைக்கும் அந்தக் கூச்சம் முழுசாகப் போகவில்லை. அதை எழுதாமல் விட்டால் இதை எழுதிப் பிரயோசனமில்லை என்று நினைக்கிறேன்.

அக்காவிடம் சொல்கிற வேலையைப் பெரியவளே எடுத்துக்கொண்டாள்.

"அத்த, கிரகணமும் இல்ல, கம்பியும் இல்ல. பாப்பா வயித்துல உண்டான மொத நாளே எண்ணிக்கை முடிஞ்சிபோச்சு. அம்மாவுக்கே அப்ப தெரியாது. கிரகணம் வந்தது அதுக்கு அஞ்சாறு மாசம் கழிச்சு. நடந்து முடிஞ்சதப் போயி எப்படி வெட்டுறது?"

"ஆமாடி, நீ பெரிய டாக்டரு" என்றார் அக்கா. குழந்தையின் விரல்களைப் பிரித்து மறுபடி அந்த ரேகையைப் பார்த்தார். "அப்ப ராஜ யோகம்?"

"அது இருக்கட்டும் அத்த. அத யாரும் எடுக்கல."

அதற்குப் பிறகு கிரகணப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. அக்காவும் தன்னால் முடிந்தபோது வந்து குழந்தையின் கால்களுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிட்டுப் போவார். வாய் மட்டும் சும்மா இருக்காது.

டாக்டர் லீவு முடிந்து வந்த அன்று பெரியவள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் என்னோடு வந்தாள். டாக்டர் கோப்பைத் திறப்பதற்குள் நான், "நாப்பத்தேழு, தனியா நிக்குது" என்று சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் ஒரு டாக்டர் முன்னால் நானாக முதலில் பேசியது அதுதான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆர் சொன்னது?"

"எண்ணுனேன்."

"சரியா எண்ணியிருக்கிறீங்கள். தனியத்தான் நிக்குது. உங்கட ரத்தமும் தேவையில்லை, மூத்தவவின்ர ரத்தமும் தேவையில்லை." பெரியவள் பக்கம் திரும்பி, "நீர் உம்மட படிப்பைப் பாரும்" என்றார். பிறகு குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். இவளுக்கு உட்காரவும் நடக்கவும் பேசவும் நாளாகும், ஆனால் செய்வாள், அவசரப்படுத்தாமல் சொல்லிக் கொடுங்கள் என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் சொன்னபடியே நாளானது, சொன்னபடியே எல்லாம் செய்தாள்.

திரும்பி வரும்போது ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் ஒரே கூட்டம். ஒரு மலாய்க்கார அம்மா எழுந்து எனக்கு இடம் விட்டார். நான் உட்காரவில்லை. பெரியவளை உட்காரச் சொல்லி, குழந்தையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் குழந்தையின் தலையைத் தன் கழுத்தில் சாய்த்துக்கொண்டாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே நின்றேன். வீடு வந்து சேரும் வரைக்கும் அவர்கள் இருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. இனிமேல் கண்காணிக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

இவ்வளவுதான் எனக்கு ஞாபகம். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதியிருக்கிறேன். ஒட்டிய வகை எப்போதும் குடும்பத்தில் வருவதா, சில நேரம் மட்டும்தானா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. எக்ஸுக்கு ஒன்று போடுகிற கணக்கையும் காதால் கேட்டுத்தான் எழுதினேன். டாக்டருக்குப் படித்தவர்களோ கணக்கு வாத்தியார்களோ யாராவது இதைப் பார்த்தால், தப்பு இருக்கிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுச் சரியானதை மேலே எழுதிவிடுங்கள். என் எழுத்தை மட்டும் நம்பிப் பிள்ளையை வைத்துக்கொண்டு யாரும் கலங்கிவிடக் கூடாது.